லேசர் சிமுலேட்டர் சரியாக வேலை செய்யவில்லையா? மலையக வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கங்களில் வீட்டு அறையிலோ பாடசாலை மண்டபத்திலோ லேசர் சிமுலேட்டர் வைத்துச் சுட்டுப் பழகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிஜமாகச் சுடும் ரேஞ்ச் தூரத்தில் இருக்கிறது, போய்வர ஒரு முழு நாள் போய்விடும், பெலட் என்கிற ஈயக் குண்டின் செலவு வேறு. அதனால் பலருக்கும் வாரத்தின் பெரும்பாலான பயிற்சி இந்தக் கருவியில்தான் நடக்கிறது. கருவி பிழையாகக் காட்டினால் வாரம் முழுவதும் அந்தப் பிழையைத்தான் கை பழகிக்கொள்ளும்.

கருவி என்று நான் சொல்வது நான்கும் சேர்ந்தது: லேசர் விடும் துப்பாக்கி, அந்த வெளிச்சப் புள்ளி விழும் இலக்கு (கடதாசியாக இருக்கலாம், புரொஜெக்டர் படமாக இருக்கலாம்), அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கமரா, கமரா கண்டதைப் புள்ளிக் கணக்காக்கும் சொஃப்ட்வெயார். கோளாறு இந்த நான்கில் ஒன்றில் இருக்கும், இல்லாவிட்டால் உங்கள் கையில் இருக்கும். எதில் என்று பிரித்துப் பார்க்காமல் செட்டிங்கைத் தொடவே தொடாதீர்கள். ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிற பிள்ளைக்குக் குண்டெல்லாம் இடப்பக்கம் கீழே போகிறது என்று கமராவை மறுபடி கலிபிரேட் செய்து (கமரா காண்கிற இடத்தை இலக்கோடு பொருத்தி) நடுவுக்குக் கொண்டுவந்து கொடுத்தால், அந்தப் பிள்ளை கெட்ட இழுப்புக்குப் 10 புள்ளி வாங்கப் பழகிவிடும். பிறகு அதைத் திருத்துவது பெரிய பாடு.

எதையும் திருகும் முன்

நிஜத் துப்பாக்கியில் லேசர் தோட்டா (குண்டின் வடிவத்தில் இருக்கும், ட்ரிகரை இழுத்தால் லேசர் விடும் கருவி) போட்டுப் பழகுகிறீர்கள் என்றால் அறையில் ஒரு குண்டுகூட இருக்கக் கூடாது. பையில், லாச்சியில், சட்டைப்பையில், எங்குமே. குண்டுப்பெட்டியை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சேம்பரை (குழலின் பின்முனையில் குண்டு இருக்கும் இடம்) கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்த்த பிறகுதான் லேசர் தோட்டா உள்ளே போக வேண்டும். இடையில் டீ குடிக்கப் போய்வந்தால் முதலிலிருந்து அதையே மறுபடி செய்யுங்கள். இலக்குக்குப் பின்னால் கல்லோ செங்கல்லோ கட்டிய சுவர் இருக்க வேண்டும். லயத்துக் காம்பராக்களுக்கு (தோட்ட வரிசை வீடுகளின் அறைகளுக்கு) நடுவில் இருக்கிற பலகைத் தடுப்பை நோக்கிச் சுட்டுப் பழக வேண்டாம், லேசர்தானே என்றாலும் வேண்டாம். குழல் பக்கத்து வீட்டைப் பார்ப்பது கைக்குப் பழக்கமாகிவிடக் கூடாது.

இன்னொன்று. ஸ்பிரிங் எயார் ரைபிளைப் பெலட் போடாமல் சுட்டால் பிஸ்டனும் சீலும் அடிபடும். அதில் ட்ரை ஃபயர், அதாவது குண்டில்லாமல் ட்ரிகரை இழுக்கும் பயிற்சி, கிடையாது. போட்டிகளுக்கான காற்றடைத்த பிஸ்டல், ரைபிள்களில் ட்ரை ஃபயருக்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கும், அதில் வைத்து எத்தனை தடவையும் இழுக்கலாம். ரிம்ஃபயர் .22 துப்பாக்கி என்றால் தயாரித்தவர் கொடுத்த புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், பல மொடல்களில் குண்டைத் தட்டும் ஊசி சேம்பர் விளிம்பில் மோதும்.

சரி, இப்போது மூட்டைச் சோதனை. சீலைப்பையில் மணலோ அரிசியோ நிரப்பி மேசைமேல் வையுங்கள். துப்பாக்கியை அதில் அழுத்தி இருத்தி, சைட்டை (குழல்மேல் குறிபார்க்க இருக்கும் பகுதி) இலக்கின் நடுவுக்குக் கொண்டுவந்து, துப்பாக்கி அசையாமல் ட்ரிகரை மெல்ல இழுத்து ஐந்து சூடு. இடையில் திரையைப் பார்க்க வேண்டாம். ஐந்தும் ஒரே இடத்தில் விழுந்தால், அது நடுவாக இல்லாவிட்டாலும், கமராவும் சொஃப்ட்வெயாரும் புள்ளியை ஒழுங்காகப் பிடிக்கின்றன, கலிபிரேஷனோ லேசரின் திசையோதான் சரிசெய்ய வேண்டியது. மூட்டையில் அசையாமல் இருந்தும் ஐந்தும் சிதறினால் கருவியில் கோளாறு. மூட்டையில் ஒன்றாக விழுந்து கையில் சிதறினால் கருவியைத் தொடாதீர்கள், பயிற்சிதான் மருந்து. கீழே வருகிற அறிகுறி எதுவானாலும் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள்.

சுட்டேன், திரையில் ஒன்றுமே விழவில்லை

முதலில் அறையை இருட்டாக்கிச் சுவரில் சுட்டுப் பாருங்கள், சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரிகிறதா? மங்கலாகவோ விட்டுவிட்டோ தெரிந்தால் பெட்டரி. லேசர் தோட்டாக்களில் இருக்கும் பொத்தான் பெட்டரி குளிரில் சீக்கிரம் துவண்டுவிடும். எல்ஆர்44 அளவு போகிற கருவி என்றால், கிடைத்தால் எஸ்ஆர்44 வாங்குங்கள். அது சில்வர் ஒக்சைட், தீரும்வரை வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். எல்ஆர் வகை அல்கலைன், பாவிக்கப் பாவிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அதோடு புள்ளியும் மங்கிக்கொண்டே வரும். விலை வித்தியாசத்துக்கு இது தகும்.

கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றால் உங்களுடையது இன்ஃப்ராரெட் லேசராக இருக்கலாம். போனின் முன்பக்கக் கமராவைத் திறந்து, சுவரில் சுட்டுத் திரையில் பாருங்கள், டீவி ரிமோட்டைச் சோதிக்கிற அதே வழிதான். போனில் தெரிந்தும் உங்கள் வெப்கமரா காணவில்லை என்றால், அந்தக் கமராவுக்குள் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்த லேசருக்கு அந்தக் கமரா ஒத்துவராது, செட்டிங்கில் எதைத் தேடியும் பிரயோசனம் இல்லை.

சுவரில் புள்ளி நன்றாகத் தெரிகிறது, சொஃப்ட்வெயார்தான் காணவில்லை. இதுதான் அடிக்கடி வருகிற நிலைமை, காரணம் பெரும்பாலும் எக்ஸ்போஷர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பது. கமராவை ஓட்டோவில் விட்டால் மங்கலான அறையில் அது தானாக வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். அப்போது இலக்கு வெள்ளையாக வெளுத்து, லேசர் புள்ளியின் நடுவும் வெள்ளையாகிவிடும். சிவப்பைத் தேடுகிற சொஃப்ட்வெயாருக்கு அங்கே சிவப்பே இருக்காது. ஓட்டோ எக்ஸ்போஷர், ஓட்டோ வைட் பேலன்ஸ், ஓட்டோ ஃபோகஸ் மூன்றையும் நிறுத்துங்கள். எக்ஸ்போஷரைக் கையால் இறக்கிக்கொண்டே போங்கள். இலக்கு சாம்பலாக மங்கி, லேசர் புள்ளி மட்டும் பளிச்சென்று சிவப்பாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

ஆனால் அளவுக்கு மீறி இறக்கினாலும் சிக்கல்தான். கமரா நொடிக்கு 30 படம் எடுக்கிறது என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 33 மில்லி செக்கன் இருக்கிறது. எக்ஸ்போஷர் வெறும் 5 மில்லி செக்கன் என்று வைத்தால் மீதி 28 மில்லி செக்கன் கமரா கண்ணை மூடியிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் லேசரின் மின்னல் அதைவிடக் குறுகியது என்றால் அந்த இடைவெளியில் விழுந்து காணாமல் போகும். சில சூடு விழும், சில விழாது, ஏனென்று புரியாது. பல லேசர் தோட்டாக்கள் 100 மில்லி செக்கன் அளவு எரியும், அதற்கு இந்தப் பிரச்சினை வராது. உங்களுடையது எவ்வளவு என்று தெரிந்துகொள்ளப் போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். நொடிக்கு 240 படம் என்றால், புள்ளி 24 படங்களில் தெரிந்தால் 100 மில்லி செக்கன், 5 படங்களில் மட்டும் தெரிந்தால் ஏறத்தாழ 20. குறுகிய லேசர் என்றால் நொடிக்கு 60 படம் எடுக்கிற கமராவுக்கு மாறுவதே நல்லது.

மினுமினுப்பான கடதாசி, லெமினேட் செய்த இலக்கு, ஓயில் பெயின்ட் சுவர் எல்லாம் லேசரைக் கமராவுக்கு வராத திசையில் தெறிக்கவிடும். சாதாரண வெள்ளைக் கடதாசிதான் சிறந்தது.

சுடாமலே புள்ளி விழுகிறது

எங்கள் பக்கத்து வீடுகளில் இதற்கு முதல் காரணம் சாமி படத்துக்கு முன்னால் எரிகிற சின்னச் சிவப்பு பல்ப். கமராவின் பார்வைக்குள் அது நேரடியாக இருந்தாலும் சரி, கண்ணாடியில் பட்டுத் தெறித்தாலும் சரி, சொஃப்ட்வெயாருக்கு அது ஒரு லேசர் புள்ளி. பல்பை அணைக்கச் சொல்ல மாட்டேன், கமராவைத் திருப்பிவையுங்கள், அல்லது சொஃப்ட்வெயாரில் இலக்குக்கு வெளியே உள்ள இடத்தை மறைத்துவிடுங்கள். டீவியின் சிவப்பு விளக்கு, எக்ஸ்டென்ஷன் கோட்டின் சிவப்பு விளக்கு, இலக்குக்கு முன்னால் நடந்துபோகிறவரின் சிவப்புச் சட்டை எல்லாவற்றுக்கும் இதுவே வழி.

அடுத்தது வெயில். மலையில் மூடுபனி கலைந்தால் ஒரு நிமிஷத்தில் அறை முழுக்க வெளிச்சமாகிவிடும். வெளிச்சத்துக்காகக் கூரையில் போட்ட கண்ணாடித் தகடு வழியாக வருகிற வெயில் துண்டு சுவரில் மெல்ல நகர்ந்து வந்து இலக்குமேல் ஏறும்போது சூடு தானாக விழத் தொடங்கும். திரைச்சீலை போதாது, தகட்டுக்குக் கீழே ஒரு கறுப்புச் சீலையோ கார்ட்போர்டோ கட்டுங்கள். முடியாவிட்டால் பயிற்சியை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் ஓடுகின்றனவா? நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி பல்பும் நொடிக்கு 100 தடவை மினுங்கும். வெளிநாட்டில் வாங்கிய கமராவில் மின் அதிர்வெண் 60 என்று இருந்தால் இந்தப் பட்டைகள் வரும், சொஃப்ட்வெயாரும் அதைப் பார்த்துக் குழம்பும். கமரா செட்டிங்கில் 50 என்று மாற்றுங்கள். புரொஜெக்டர் பாவிக்கிறவர்கள் இலக்குப் படத்தில் சிவப்பு, செம்மஞ்சள் நிறங்களைத் தவிர்த்துவிடுங்கள். நிறச் சக்கரம் சுற்றுகிற புரொஜெக்டர்களில் வெள்ளைப் படமே கமராவுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிமாறித் தெரியலாம், அதனால் பின்னணியை மங்கலான சாம்பலாக வைப்பது நல்லது.

இனி மழை. ட்ரிகர் விழும் சத்தத்தை மைக்கில் கேட்டுச் சூட்டைப் பதிகிற கருவிகள் இருக்கின்றன. தகரக் கூரையில் மழை அடித்தால் அந்த மைக் எதையெல்லாம் சூடு என்று எடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மைக்கின் உணர்திறனைக் குறைத்தால் மழையோடு சேர்த்து உங்கள் ட்ரிகரும் கேட்காமல் போகும். மைக்கைத் துப்பாக்கியிலேயே ஒட்டவைக்கிற வசதி இருந்தால் ஒட்டிவைத்துவிட்டு உணர்திறனைக் குறையுங்கள், அதுதான் நிற்கும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளை, பண்டாரவளை பக்கம் வருஷக் கடைசியிலும் இந்தத் தொல்லை தொடரும், அதனால் மைக்கை மட்டும் நம்புகிற கருவியை வாங்கும் முன் யோசியுங்கள்.

ஒரு தடவை இழுத்தால் இரண்டு விழுகிறது

உடனே செட்டிங்கை மாற்றாமல் அந்த இரண்டு புள்ளிகளையும் பாருங்கள். ஒன்றுக்கு நேர் எதிர்ப்பக்கம் தூரத்தில் மற்றது விழுந்திருந்தால் அது கண்ணாடியில் தெறித்த பிரதிபலிப்பு. கண்ணாடி அலுமாரி, டீவி திரை, மெழுகு போட்ட தரை எல்லாவற்றையும் மூடுங்கள், கண்ணுக்கும் அதுதான் பாதுகாப்பு.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் லேசர் எரிந்த அந்த 100 மில்லி செக்கனுக்குள் கமரா மூன்று படம் எடுத்திருக்கிறது, முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் உங்கள் கை அசைந்திருக்கிறது. இரண்டு புள்ளிக்கு இடையே உள்ள தூரம் அந்த அசைவின் அளவு. வலக்கைக்காரருக்கு அது கீழ் இடப்பக்கம் இழுபட்டிருந்தால் விரல் தனியாக வேலை செய்யவில்லை, கை முழுவதும் சேர்ந்து இறுகுகிறது. இவ்வளவு தெளிவாக இதைச் சொல்லித் தர வேறு ஆள் கிடைக்க மாட்டார். கொஞ்ச நாள் அந்தக் கோட்டைப் பார்த்துப் பழகுங்கள், அப்புறம் ஒரு சூட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே அரை நொடி இடைவெளி வேண்டும் என்று சொஃப்ட்வெயாரில் போட்டுவிடுங்கள்.

எல்லாம் ஒரே பக்கம் போகிறது

மூட்டைச் சோதனையிலும் ஒரே பக்கம் போகிறதா? அப்படியென்றால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

கமராவோ இலக்கோ கலிபிரேட் செய்த பிறகு அசைந்திருந்தால் எல்லாச் சூடும் ஒரே அளவு தள்ளி விழும். நான்கு மூலையிலும் ஒவ்வொன்று சுட்டுப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு, ஒரே திசையில் தள்ளியிருந்தால் மறுபடி கலிபிரேட் செய்தால் போதும். அதன் பின்னும் தள்ளியே விழுந்தால் லேசரைப் பார்க்க வேண்டும்.

சேம்பருக்குள் போடுகிற லேசர் தோட்டாவுக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. மூட்டையில் துப்பாக்கியை வைத்து ஒரு சூடு சுட்டு, புள்ளி விழுந்த இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். தோட்டாவைக் கால் சுற்றுத் திருப்பிப் போட்டு, சைட்டை அதே இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஒன்று. இப்படி நான்கு. நான்கும் ஒரே இடம் என்றால் லேசர் தோட்டாவுக்குள் நேராக இருக்கிறது. நான்கும் சேர்ந்து ஒரு வட்டம் போட்டால் லேசர் சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கிறது, குழல் உண்மையில் பார்ப்பது அந்த வட்டத்தின் நடுவை. வட்டம் பெரிதாக இருந்தால் அந்தத் தோட்டாவை மாற்றுங்கள். சிறிதாக இருந்தால் தோட்டாவின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோடு மேலே இருக்கும்படி போட்டால் தவறு எப்போதும் ஒரே பக்கம் நிற்கும். இதைச் சரிக்கட்ட நிஜத் துப்பாக்கியின் சைட்டைத் திருகாதீர்கள். சைட் குண்டுக்கானது, குண்டு விழும் இடத்துக்குப் பொருந்தும்படி ரேஞ்சில் சீரோ செய்தது. திருத்தத்தை சொஃப்ட்வெயாரில் செய்யுங்கள்.

தூரம் மாறினால் மேலும் கீழும் போகிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். குழல் சைட்டுக்குச் சில சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. லேசரும் பார்வைக் கோடும் 5 மீட்டரில் சந்திக்கும்படி வைத்திருந்தால், 10 மீட்டரில் லேசர் அதே சில சென்டிமீட்டர் மேலே போய்விடும். அதனால் எந்தத் தூரத்தில் பழகுகிறீர்களோ அந்தத் தூரத்திலேயே சரிசெய்யுங்கள். நிற்கிற இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.

மலை உயரத்தில் காற்று மெலிது, அதனால்தான் தள்ளிப் போகிறது என்று சிலர் சொல்கிறார்கள். லேசர் ஒளி, அறைக்குள் அதற்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நடுவில் சரி, ஓரத்தில் பிழை

கமரா பக்கவாட்டில் இருந்து சாய்வாகப் பார்க்கிறது, அல்லது அகலமாகப் பார்க்கும் லென்ஸ் ஓரங்களை வளைக்கிறது. கமராவை இலக்குக்கு நேர் எதிரே, இலக்கின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், இலக்கு படத்தின் நடுப்பகுதியில் மட்டும் விழும்படி வையுங்கள். புரொஜெக்டரின் சாய்வுத் திருத்தத்தைக் குறைந்தபட்சம் வைத்துவிட்டு அதற்குப் பிறகு கலிபிரேட் செய்யுங்கள்.

தொடக்கத்தில் சரி, போகப் போக நகர்கிறது

பலகைத் தரை வீடுகளில் கமரா ஸ்டாண்டுக்கு அருகே யாராவது நடந்தாலே போதும், மில்லிமீட்டர் கணக்கில் அது நகரும், 10 விழ வேண்டிய சூடு 8 ஆகிவிடும். கமராவைச் சுவரில் அடித்த பலகையில் ஸ்குரூவால் பூட்டுங்கள். இலக்கு சீலைத்திரையில் என்றால் ஜன்னல் காற்றுக்கு அது ஆடும், கீழே ஒரு கம்பி கோத்துப் பாரம் கட்டுங்கள். ஈரக் காற்றில் கடதாசி இலக்கு ஊதி நெளியும், கார்ட்போர்டில் முழுதும் ஒட்டிவிட்டால் நிற்கும். ஓட்டோ ஃபோகஸை நிறுத்தாமல் விட்டிருந்தாலும் இதே அறிகுறிதான், ஃபோகஸ் மாறும்போது படத்தின் அளவே கொஞ்சம் மாறுகிறது. புரொஜெக்டரைப் போட்டவுடன் கலிபிரேட் செய்யாமல் 20 நிமிஷம் சூடாகவிட்டுச் செய்யுங்கள்.

இழுத்த பிறகு தாமதமாகத்தான் விழுகிறது

போன் படத்தை வைஃபையில் டீவிக்கு அனுப்பிப் பயிற்சி செய்தால் தாமதம் இருக்கத்தான் செய்யும், கேபிள் போடுங்கள். புரொஜெக்டரிலும் டீவியிலும் கேம் மோட் இருந்தால் அதைப் போடுங்கள். லப்டொப் பெட்டரியில் ஓடும்போது தன்னை மெதுவாக்கிக்கொள்ளும், சார்ஜரில் போட்டு, பவர் செட்டிங்கை உச்சத்தில் வையுங்கள். கமராவை யூஎஸ்பி ஹப்பில் அல்லாமல் நேராக லப்டொப்பில் குத்துங்கள்.

மாலையில் எல்லா வீட்டிலும் அடுப்பும் ஹீட்டரும் ஏறுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். லப்டொப் சார்ஜர் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அது கவலையில்லை. புரொஜெக்டர் மங்கி, அணைந்து எழும்பும். பல்ப் வகைப் புரொஜெக்டருக்கு ஃபேன் நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் ஆயுள் குறையும், அதற்கு ஒரு சின்ன யூபிஎஸ் கட்டாயம் வேண்டும்.

காலையில் துப்பாக்கி உதைக்கவே மாட்டேன் என்கிறது

உதைப்பு வருவதற்காகக் கார்பன் டை ஒக்சைட் சிலிண்டர் போடுகிற பயிற்சித் துப்பாக்கிகளில் வருகிற பிரச்சினை இது. 20 பாகை வெப்பத்தில் அந்தச் சிலிண்டருக்குள் அழுத்தம் 57 பார் அளவு இருக்கும், 10 பாகையில் அது 45 பாருக்கு இறங்கிவிடும். நுவரெலியா காலை என்றால் அதைவிடக் கீழேதான். ஸ்லைட் (ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னால் போய்வரும் மேல்பகுதி) பாதி தூரம் போய் நின்றுவிடும், ட்ரிகர் அடுத்த சூட்டுக்குத் தயாராகாது. துப்பாக்கி பழுதாகவில்லை. சிலிண்டரை மேலங்கிக்குள் உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்துப் பிறகு போடுங்கள், வேகமாகத் தொடர்ந்து சுடாதீர்கள், சுடச் சுட அது இன்னும் குளிரும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்குவது வெடிக்கக்கூடிய வேலை, ஒருநாளும் செய்ய வேண்டாம்.

கமராக் கண்ணாடி மங்குகிறது

குளிர்ந்த அறையில் இருந்த கமராவைச் சமையலறைப் பக்கம் கொண்டுவந்தால் ஆவி படியும். துடைக்காமல் கால் மணி விடுங்கள், தானாகக் காயும். பயிற்சி முடிந்ததும் கமராவையும் லேசரையும் மூடி இறுகுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டுவையுங்கள். ஈரத்தில் விட்டால் லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்திவலை மாதிரி படரும், படர்ந்தால் திருத்த ஆகும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம்.

அக்கம்பக்கம் பயப்படுகிறது

இதைக் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியே துப்பாக்கி வடிவம் ஒன்றைக் கண்டால் பக்கத்து வீட்டு ஆச்சி நடுங்கத்தான் செய்வார். இந்த நாட்டில் தமிழ்ப் பிள்ளை கையில் துப்பாக்கி மாதிரி ஒன்று இருந்தால் அது எங்கெல்லாம் கொண்டுபோய் விடும் என்று எங்கள் வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். தொடங்கும் முன் பக்கத்து வீடுகளுக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள், கூப்பிட்டுக் காட்டுங்கள், அவர்கள் பிள்ளைகளையும் ஒரு தடவை சுடவிடுங்கள். முடிந்தால் நிஜத் துப்பாக்கி நிறத்தில் இல்லாத, பளிச்சென்ற சிவப்பிலோ நீலத்திலோ உள்ள பயிற்சித் துப்பாக்கி வாங்குங்கள். பஸ்ஸில் கொண்டுபோகும்போது பூட்டிய பெட்டியில், சங்கத்தின் அல்லது பாடசாலையின் கடிதத்தோடு. வெளிநாட்டிலிருந்து ஓடர் போடும் முன் அனுமதி தேவையா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லேசர் என்றால் விளையாட்டுப் பொருள் என்று யாராவது பெற்றோரிடம் சொன்னால், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மொடர்ன் பென்டத்லன் என்கிற ஐந்து விளையாட்டுப் போட்டியின் வீரர்கள் சுட்டது லேசர் பிஸ்டலில்தான் என்று சொல்லுங்கள்.

சிமுலேட்டரில் 9, 10, ரேஞ்சில் 7

இதற்குத்தான் அதிகம் பேர் மனம் உடைந்து போகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

முதலில் இலக்கின் அளவு. 10 மீட்டர் எயார் பிஸ்டல் இலக்கில் கறுப்பு வட்டம் 59.5 மில்லிமீட்டர், 10 வளையம் 11.5. வீட்டில் 5 மீட்டர்தான் இருக்கிறது என்றால் கறுப்பு 29.75, 10 வளையம் 5.75 ஆக இருக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் 3 மீட்டர்தான் கிடைக்கும் என்றால் 17.85, 3.45. முழு அளவு இலக்கை 5 மீட்டரில் ஒட்டிவைத்துச் சுட்டால் எல்லாருக்கும் 10 விழும், அதில் ஒன்றுமில்லை. கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுக்கும்போது பக்கத்துக்குப் பொருத்து என்ற தெரிவைத் தவிர்த்து 100 வீதம் என்று போடச் சொல்லுங்கள், வந்த கடதாசியை அடிமட்டம் வைத்து அளந்த பிறகு காசு கொடுங்கள்.

உயரமும் முக்கியம். ரேஞ்சில் இலக்கின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர். உங்கள் கண் 1.6 மீட்டரில் இருந்தால் 10 மீட்டர் தூரத்துக்குக் கோடு 20 சென்டிமீட்டர் இறங்குகிறது. 5 மீட்டரில் அதே சாய்வு வர வேண்டும் என்றால் இலக்கு 1.5 மீட்டரில் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் பழகினால் தோள் ஒரு கோணத்துக்குப் பழகி, ரேஞ்சில் வேறு கோணத்தைத் தேடும்.

ட்ரிகர் பாரம். எயார் பிஸ்டலுக்கு விதிப்படி குறைந்தது 500 கிராம். மலிவான லேசர் பிஸ்டல்களின் ட்ரிகர் பொம்மை மாதிரி இலேசாகவோ, ஒரு கிலோவுக்கு மேலே கரடுமுரடாகவோ இருக்கும். அளக்கத் தராசு வேண்டாம். பிஸ்டல் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, குழலை மேலே நிமிர்த்திப் பிடித்து, அரை லீட்டர் தண்ணீர் போத்தலை ஒரு கயிற்றில் கட்டி ட்ரிகரில் தொங்கவிட்டு மெல்லத் தூக்குங்கள், ட்ரிகர் விழுந்தால் பாரம் அதற்குள். தண்ணீரைக் கூட்டிக் குறைத்து, ரேஞ்சில் பாவிக்கிற துப்பாக்கியின் பாரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் அருகருகே இல்லாவிட்டால் சிமுலேட்டரில் விரல் பழகுவது வேறு வேலை.

கண். 3 மீட்டரில் இலக்கு தெளிவாகத் தெரிவதால் கண் தானாக அங்கே ஓடிவிடும். ரேஞ்சில் முன் சைட்டைத் தெளிவாகப் பார்க்க வேண்டும், இலக்கு மங்கலாக இருக்க வேண்டும். இதற்கு நான் செய்யச் சொல்வது வெற்றுக் கடதாசி: வட்டமே இல்லாத வெள்ளைக் கடதாசியில் சுடுங்கள். பார்க்க வேறொன்றும் இல்லாததால் கண் முன் சைட்டில் நிற்கும். புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதை மட்டும் பாருங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விடக் கெடுதலான பழக்கம்: இழுத்த மறுகணம் திரையைப் பார்ப்பது. சிமுலேட்டர் உடனே புள்ளி காட்டுகிறது, ஆர்வத்தில் தலை எழும்புகிறது, கை இறங்குகிறது. லேசரில் இதற்குத் தண்டனை இல்லை, ஒளி ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டது. பெலட் அப்படியில்லை, ட்ரிகர் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் அசைந்தது இலக்கில் தெரியும். உதைப்பும் சத்தமும் இல்லாதது இரண்டாவது காரணம்தான், எயார் பிஸ்டலில் உதைப்பே குறைவு. எனவே திரையைத் திருப்பிவையுங்கள், அல்லது பத்துச் சூடு முடிந்த பிறகே காட்டும்படி சொஃப்ட்வெயாரில் போடுங்கள். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் சைட்டைப் பார்த்தபடியே இரண்டு எண்ணிவிட்டு, எங்கே போயிருக்கும் என்று வாயால் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் எழுதிவைக்கட்டும். பத்து முடிந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன இடமும் விழுந்த இடமும் ஒத்துவரத் தொடங்கினால், ரேஞ்சிலும் அந்த எண்கள் வரும்.

ரேஞ்சுக்குப் புறப்படும் முன் லேசர் தோட்டாவையும், குழல் வாயில் செருகும் லேசர் கம்பி இருந்தால் அதையும் கழற்றி, வீட்டிலேயே டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். ரேஞ்சில் குண்டு போடும் முன், பின்பக்கம் திறந்து, வெளிச்சம் குழலின் மறுமுனை வரை தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். செருகிய கம்பியோடு குண்டு சுட்டால் குழல் வெடிக்கும்.